ஓட்டை விழாத இலை

1

முகத்தில் உணர்ச்சி தெரிகிறது என்று சொல்லி என் புகைப்படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நிரந்தரவாசி அட்டையைப் புதுப்பிக்க அனுப்பிய படம் அது. நான் சிரிக்கவில்லை, அழவுமில்லை. என் முகமே அப்படித்தான். காஞ்சிபுரத்தில் மின் அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுப்பவனாகச் சேர்ந்து மேற்பார்வையாளனாக ஓய்வு பெற்றவன் நான். வாசல் வாசலாக ஏறி, மங்கிய கண்ணாடிக்குள் எண்களைத் தேடித் தேடி நெற்றி சுருங்கியது, பிறகு விரியவில்லை. இந்த நாட்டு விதிப்படி அது கவலை. அட்டைக்குக் கவலை ஆகாது.

ஐந்து வருஷத்துக்கு ஒரு அட்டை. இது இரண்டாவது புதுப்பிப்பு. அந்தக் கணக்கில்தான் எட்மன்டன் நகரத்துக்கு வந்து பத்து வருஷம் முடிந்தது எனக்குத் தெரிந்தது. மனைவி போன பிறகு மகள் சுமதி அழைத்துக்கொண்டாள். அவள் இங்கே ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் செடிகளின் செல்கள் எப்படிச் சாகின்றன என்று பார்க்கிறாள். ஊரில் யாராவது கேட்டால் ‘விவசாயத் துறை’ என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

பத்து வருஷத்தில் எனக்குப் பழகாமல் போனது குளிர் அல்ல, சூரியன். நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை, கிழங்கு சேர்ப்பதில்லை. காஞ்சிபுரத்துச் சூரியன் நம்பகமானது. வருஷம் முழுக்க ஆறு மணியை ஒட்டி இறங்கிவிடும். அதை நம்பி உலை வைக்கலாம். இங்கே டிசம்பரில் நாலே காலுக்கு இருட்டிவிடுகிறது. இரவுச் சாப்பாட்டை மூன்றரைக்கு முடிக்கிறேன். மதியச் சாப்பாடு அதற்குள் இறங்கியிருப்பதில்லை. ஜூனில் பத்து மணி வரை வெளிச்சம். விதிப்படி அதுவரை சாப்பிடலாம், அதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. பேத்தி ஒரு நாள், “தாத்தா, நீ எந்த ஊர் சூரியனுக்கு சாப்பிடற?” என்று கேட்டாள். உருளைக்கிழங்கு வறுவலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். கிழங்கு என்று சொல்ல வாயெடுத்து, எத்தனை முறை சொல்லியாயிற்று என்று எண்ணிப் பார்த்து, விட்டுவிட்டேன்.

ஆனால் கேள்வி நியாயமானது. காஞ்சிபுரத்துச் சூரியனை வைத்துக்கொண்டால், இங்கே நான் ராத்திரியில் மட்டும்தான் சாப்பிட முடியும்.

2

படம் திரும்பி வந்த அதே வாரம், அக்டோபரில், பத்மா அக்கா காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமமான தாமலிலிருந்து பேசினாள்.

அக்கா எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவள். ஏரிக்குக் கீழே நிலமுள்ள வீட்டில் வாழ்க்கைப்பட்டாள். பட்டு நெய்கிற ஊரில் பிறந்து வாழ்நாளில் பட்டு உடுத்தாதவள், கல்யாணத்துக்குக்கூட. புழுவைக் கொதிக்கப் போட்டு எடுப்பதை உடம்பில் சுற்றிக்கொள்ள மாட்டேன் என்றாள். எங்கள் வீடுகளில் எல்லோரும் அவ்வளவு கறார் இல்லை. என் கல்யாணப் படத்தில் நான் பட்டு வேட்டியோடுதான் நிற்கிறேன்.

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் மயங்கி விழுந்தாள். இதற்கு மேல் செய்ய அதிகமில்லை என்று மருத்துவரே அவள் மகன் தேவகுமாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அக்கா அதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறாள்.

அவள் சல்லேகனை எடுக்கப்போகிறாள். சமணர் அல்லாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். உடம்பு இனித் தேறாது என்று ஆனபிறகு, துறவியிடம் அனுமதி பெற்று, உணவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து அமைதியாக முடித்துக்கொள்ளும் விரதம். கோபத்தில் எடுக்கக் கூடாது, துக்கத்தில் எடுக்கக் கூடாது. தொடங்குவதற்கு முன் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, சம்மதமும் வாங்க வேண்டும்.

அக்கா எல்லோரிடமும் வாங்கிவிட்டாள்.

“நீ ஒருத்தன்தான் பாக்கி” என்றாள்.

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“மின்னாபீஸ்ல குந்திக்கினு ஊருக்கெல்லாம் பாக்கி நோட்டீஸ் அனுப்பிச்சியே. இப்ப உன் பேர்ல பாக்கி நிக்குது. கட்டு.”

அட்டை வரட்டும் அக்கா, நேரில் வந்து பேசிக்கொள்ளலாம் என்றேன். அட்டை காலாவதியாகிவிட்டது, இப்போது கிளம்பினால் திரும்பி விமானம் ஏற விடமாட்டார்கள், படம் வேறு திரும்பி வந்துவிட்டது என்றேன். எல்லாம் உண்மை. உண்மையைச் சொல்லித் தள்ளிப்போடுவது அவ்வளவு எளிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

“படத்துக்கு என்னா?”

“முகத்துல உணர்ச்சி இருக்குதாம்.”

“உன் மூஞ்சியிலியா?” என்றாள். பிறகு எப்போதும் கேட்பதைக் கேட்டாள். “பொழுதோட சாப்ட்டியா?”

3

அடுத்த இரண்டு மாதமும் நான் இரண்டு காரியங்கள் செய்தேன். அக்காவின் பரிசோதனை முடிவுகளைத் தேவகுமாரிடம் கேட்டு வாங்கி, இங்கே எனக்குத் தெரிந்த மருத்துவர்கள் ஒவ்வொருவரிடமும் காட்டினேன். தெரிந்தவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் பல் மருத்துவர். மூன்று பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். பல் மருத்துவர் சற்று மென்மையாகச் சொன்னார்.

இரண்டாவது காரியம், சுமதியின் செடி.

வரவேற்பறையில் ஜன்னலோரம் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் மடகாஸ்கர் தீவின் ஓடைகளில் வளரும் ஒரு நீர்ச்செடி. ஆய்வகத்தில் மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தாள். அவள் மாநாடு மாநாடாகப் போய்வந்த அந்த நாட்களில் செடி என் பொறுப்பு. முன்பு நான் அதை உற்றுப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன். இளம் இலை செந்நிறமாக, முழுசாக வருகிறது. பிறகு நரம்புகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கட்டங்களில் நிறம் போய்க் கண்ணாடிபோல் ஆகிறது. பிறகு அந்த இடம் ஓட்டையாகிவிடுகிறது. முற்றிய இலை சல்லடை. ஒரு இலையில் நூற்றுப் பதினாறு ஓட்டைகள் எண்ணினேன். அடுத்ததில் எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒன்று கூடியதுபோல் இருந்தது. விட்டுவிட்டேன்.

நோய் என்று முடிவு செய்தேன். வீட்டில் ஒரு உயிருக்குக் கண்ணெதிரே ஓட்டை விழுந்துகொண்டிருக்கிறது, பொறுப்பு என்னுடையது. கெட்ட இலையைக் கிள்ளலாமென்றால் ஓரறிவு உயிருக்கு வலி. மருந்து தெளிக்கலாமென்றால் தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்குச் சாவு. யாருக்கும் தீங்கில்லாத ஒன்று வேண்டும். ஈறில் ரத்தம் வருகிறதென்று எனக்கு எழுதிக்கொடுத்த வைட்டமின் சி மாத்திரைகள் இருந்தன. தினம் ஒன்று எனக்கு, ஒன்று தொட்டிக்கு. என்னுடையதைத் தண்ணீரோடு விழுங்கினேன், அதனுடையதைப் பொடித்துப் போட்டேன்.

பலன் தெரிந்தது. அடுத்து வந்த இலைகளில் ஓட்டைகள் குறைந்தன. டிசம்பர் கடைசியில் வந்த ஒரு இலை முழுசாக, ஒரு ஓட்டைகூட இல்லாமல் நின்றது. அந்த வருஷம் நான் நினைத்தது நடந்த ஒரே காரியம் அது. தேவகுமாருக்குப் படமெடுத்து அனுப்பினேன். அவன் கட்டைவிரலைத் தூக்கிக்காட்டும் பொம்மையை அனுப்பினான்.

4

சுமதி ஊர் ஊராகப் போய்வந்த களைப்பில் பல நாள் அதைக் கவனிக்கவில்லை. ஜனவரியில் ஒரு சாயங்காலம் தொட்டியின் முன் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

“அப்பா, இதுல என்னா போட்டீங்க?”

சொன்னேன். மாத்திரைப் பெட்டியையும் காட்டினேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. ஆராய்ச்சிக்கு உதவும் ஏதாவது கண்டுபிடித்துவிட்டேனோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அதுவும் இல்லை. வைட்டமின் சி போட்டால் ஓட்டை குறையும் என்பது ஏற்கெனவே அவர்களுக்குத் தெரிந்த விஷயமாம்.

“இது நோயில்லப்பா. அந்தச் செடியோட வழக்கமே இதான். நடுவுல இருக்கிற செல்லுங்க தானா சாவுது. சுத்தி நரம்பு ஓரத்துல இருக்கிறதெல்லாம் நல்லாத்தான் இருக்குது பாருங்க. ஓட்ட எங்க ஆரம்பிக்கணும், எங்க நிக்கணும்னு அதுக்குக் கணக்கு இருக்குது.”

கணக்கு என்றதும் நான் உட்கார்ந்தேன்.

மடிக்கணினியில் அவள் எடுத்த படம் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். நுண்ணோக்கியில் எடுத்த அசையும் படம். ஒரு செல்லுக்குள் பச்சை வெளிச்சமாகப் புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவை மைட்டோகாண்ட்ரியா. தமிழில் இழைமணி என்றும் எழுதுகிறார்கள். செல்லுக்கு வேண்டிய சக்தியை உண்டாக்குவது அவைதான். நல்ல செல்லில் அவை தனித்தனியாகச் சுறுசுறுப்பாக ஓடுகின்றன. சாவைத் தொடங்கிவிட்ட செல்லில் கும்பல் கும்பலாகச் சேர்கின்றன. அப்போதும் ஓட்டம் இருக்கிறது. அதற்கும் அடுத்த செல்லில் ஓட்டம் நின்று, வெளிச்சம் மங்கி, கடைசியில் அணைகிறது. பார்ப்பதற்காக அவர்கள் போடும் சாயம் ஏறினால்தான் ஒளிரும், சவ்வுக்கு இரண்டு பக்கமும் மின்னழுத்த வித்தியாசம் இருந்தால்தான் சாயம் ஏறும் என்றாள்.

எத்தனை வோல்ட் என்று கேட்டேன். ஒரு வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது என்றாள். ஷாக் அடிக்காது என்று குறித்துக்கொண்டேன்.

மிருகங்களின் செல் இப்படிச் சாகும்போது பல சமயம் உத்தரவு இழைமணியிலிருந்துதான் கிளம்புகிறதாம். அதிலிருந்து ஒரு புரதம் கசிந்து வெளியே வந்தால் காரியம் தொடங்கிவிடும். செடியிலும் கசிகிறது. ஆனால் அந்தக் கசிவுதான் உத்தரவா, அல்லது வேறெங்கோ போட்ட உத்தரவுக்கு அது கட்டுப்படுகிறதா என்பதில் இன்னும் தகராறு. சக்தி உண்டாக்கும்போதே இழைமணி கொஞ்சம் துருப்பிடிக்கச் செய்யும் பொருளையும் உண்டாக்குகிறது. அது ஓர் அளவைத் தாண்டினால் செல்லுக்கு அதுவே சாகச் சொல்லும் தகவல். நான் போட்ட மாத்திரை அந்தத் தகவலை உறிஞ்சிவிட்டது.

“அப்ப நான் அதக் காப்பாத்தினேனா இல்லியா?”

“காப்பாத்தலப்பா. அது பண்ணிக்கினு இருந்த வேலைய நிறுத்திட்டீங்க.”

“சாவுறது வேலையா?”

“அதுக்கும் சக்தி வேணும்பா. கரண்டு இல்லாம ஒண்ணும் நடக்காது, செத்துப்போறதுகூட.”

உதாரணத்துக்கு ஜன்னலுக்கு வெளியே காட்டினாள். பனியில் மொட்டையாக நின்ற பாப்ளர் மரம். அக்டோபரில் அதன் இலைகள் மஞ்சளானபோது உள்ளே நடந்தது வீடு காலி செய்கிற வேலை என்றாள். பச்சையத்தைப் பிரித்து, சத்தையெல்லாம் தண்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் இலை விழுகிறது. முதலில் கழற்றப்படுவது பச்சையம் இருக்கும் பை. இழைமணி கிட்டத்தட்டக் கடைசிவரை ஓடும். அது ஓடினால்தான் மற்றதைக் கழற்ற முடியும். நெல் வேரிலும் இப்படித்தானாம். வயலில் தண்ணீர் கட்டி நின்றால் வேருக்குள் ஒரு பகுதி செல்கள் செத்து, காற்று இறங்கக் குழாய்போல் வழிவிடுகின்றன. தாமல் ஏரி தளும்பி அக்கா வீட்டு நடவு மூழ்கியும் பயிர் அழுகாமல் நின்ற வருஷம் எனக்கு நினைவுக்கு வந்தது.

எல்லாம் சரி, இந்தச் செடிக்கு இலையில் ஓட்டை எதற்கு என்று கேட்டேன்.

“அது உறுதியா தெரியாதுப்பா.”

“தெரியாமலியா இவ்வளவு வருஷமா பாத்துக்கினு இருக்கீங்க?”

“ஓட்ட எப்படி வுழுதுன்னு பாக்கறோம். எதுக்குன்றது வேற கேள்வி” என்றாள்.

அன்று ராத்திரி எனக்கு என் பழைய வேலை ஞாபகம் வந்தது. எங்கள் அலுவலகத்தில் மின் துண்டிப்பு இரண்டு வகை. ஒன்று, கட்டணம் கட்டாதவர்களுக்கு. சொல்லாமல் போய்க் கம்பத்தில் ஏறி எடுத்துவிடுவோம். உள்ளே அரைத்துக்கொண்டிருந்த மாவு அப்படியே நிற்கும். குழந்தைகள் கத்தும். மற்றது, அவர்களே கேட்டு எடுப்பது. வீட்டைக் காலி செய்கிறவர்கள் முன்கூட்டியே வந்து சொல்வார்கள். பெரும்பாலும் ஒன்றைத்தான் வற்புறுத்துவார்கள்: சாமானெல்லாம் வண்டியில் ஏறினபிறகு வந்து எடுங்கள், கடைசிப் பெட்டியைத் தூக்குகிறவரை விளக்கு வேண்டும். நாங்களும் சரி என்போம். எடுத்தபிறகு மீட்டரைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். சக்கரம் நின்றிருக்கும். எந்த வகை என்று மீட்டருக்குத் தெரியாது.

தேவகுமாரைக் கூப்பிட்டு, அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். முடிவுகளை அனுப்பு என்று சொல்லாமல் நான் கேட்டது அந்தக் குளிர்காலத்தில் அதுதான் முதல் தடவை. அவன் குரல் சற்று வியப்பாக இருந்தது.

“முன்னவிட சுறுசுறுப்பா இருக்குது மாமா. பொடவையெல்லாம் பிரிச்சி யார் யாருக்குன்னு வச்சிட்டுது. பாத்திரத்த பக்கத்து வூட்டுக்கு குடுத்துட்டுது. நேத்து என்னயே இட்டுக்கினு போயி ஏரிக்கரையில வரப்புத் தகராற பேசி முடிச்சிட்டு வந்துது. பத்து வருஷமா நடந்துக்கினு இருந்த தகராறு மாமா. எங்கேர்ந்து தெம்பு வருதுன்னே தெரியல.”

எனக்குத் தெரியும் என்று சொல்ல நினைத்தேன். போன் கட்டணத்துக்கு அது நீளமான விளக்கம்.

5

பிப்ரவரி கடைசியில் அட்டை வந்தது. புகைப்படக் கடையில் ஒரு பெண் என் நெற்றியை இரண்டு விரலால் நீவிவிட்டு, கையை எடுத்த வேகத்தில் எடுத்த படம். அதில் நான் செத்தவன்போல் இருக்கிறேன். எந்த ஆட்சேபமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

இனித் தள்ளிப்போட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. அன்று சாயங்காலம் நான்தான் கூப்பிட்டேன். இங்கே ஐந்து மணி, தாமலில் மறுநாள் விடியாத ஐந்தரை. அக்கா எழுந்துவிட்டிருந்தாள். குரல் மெலிந்திருந்தது, சொற்களில் குறைவில்லை.

அட்டை வந்ததைச் சொன்னேன். டிக்கெட் எடுக்கப்போகிறேன் என்றேன்.

“தடுக்க வர்றதா இருந்தா வராத. பாக்க வர்றதா இருந்தா வா.”

அதற்குப் பதில் சொல்லாமல் செடியைப் பற்றிச் சொன்னேன். ஏன் என்று தெரியவில்லை. மாத்திரை போட்டது, ஓட்டை நின்றது, சுமதி சொன்னது, நெல் வேர் எல்லாம் சொன்னேன். நெல் வேர் அவளைக் கவரவில்லை. பயிர் நின்னுது, அது போதும் என்றாள். மாத்திரை விஷயத்தில் மட்டும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, நான் காத்திருந்தேன்.

“ஓட்ட வுழாத அந்த எல இன்னா ஆச்சி?”

“அப்பிடியே இருக்குது. சாதாரண இலை மாதிரி.”

“அந்தச் செடிக்கு அது நல்லதா?”

“தெரியல. ஓட்ட எதுக்குன்னே அவங்களுக்குத் தெரியலியாம்.”

“உனக்கு எதுக்குன்னு தெரிஞ்சாத்தான் வுடுவியா?”

அவள் செடியைத்தான் கேட்டிருக்கலாம். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரை நிறுத்தின பிறகு வந்த புது இலையில், நரம்புகளுக்கு நடுவே முதல் கட்டங்கள் தெளியத் தொடங்கியிருந்தன. நான்கைந்து இருக்கும். எண்ணவில்லை.

“தம்பி” என்றாள். அப்படி அவள் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகிறது. “உன்ன எதுலனா நோவ வச்சிருந்தா மன்னிச்சிரு.”

அது விரதத்துக்கு முன் கேட்க வேண்டிய வாசகம். எல்லோரிடமும் கேட்டுவிட்டு, என்னிடம் கேட்க அக்டோபரிலிருந்து காத்திருந்திருக்கிறாள். அதற்கு நாம் திருப்பிச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே பாடமாகியிருக்கும். பேத்தி அறைக்குள் ஏதோ பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். சுமதி சமையலறையில் குழாயை மூடிவிட்டு அசையாமல் நின்றாள்.

“என்னையும் மன்னிச்சிருக்கா” என்றேன். பிறகு, “சரிக்கா. எடுத்துக்கோ.”

இணைப்பு போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

“பாக்கி தீந்துது” என்றாள். பிறகு, “அங்க பொழுது இருக்குதா?”

பார்த்தேன். பாப்ளர் மரத்துக்குப் பின்னால், பனியின் மேல் மஞ்சளாக இன்னும் கொஞ்சம் இருந்தது.

“இருக்குது.”

“அப்ப போயி சாப்டு.”

அவளுக்கு இன்னும் விடியவில்லை. எனக்கு இன்னும் பொழுது அடையவில்லை. எங்கள் இருவரில் அந்த நேரத்தில் சாப்பிட அனுமதி உள்ளவன் நான் ஒருவன்தான். போனை வைத்துவிட்டுப் போய்த் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சுமதி ஒன்றும் கேட்காமல் சோறு வைத்தாள். இரண்டாம் முறையும் வைத்தாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளிச்சம் இருக்கும்வரை சாப்பிட்டேன்.